கப்பல் உதிரிப்பாகங்கள்: ஆர்டர் எழுதுவது முதல் கேங்வேயில் கையெழுத்து வாங்குவது வரை

மீனம்பாக்கம் விமானச் சரக்கு வளாகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் இடையே சாலைத் தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். ஐரோப்பாவிலிருந்தோ கொரியாவிலிருந்தோ இரண்டே நாளில் பறந்து வந்துவிடுகிற பெட்டி ஒன்று, இந்த 20 கிலோமீட்டரைக் கடக்க முடியாமல் கிடங்கிலேயே கிடக்க, அதற்காகக் காத்திருந்த கப்பல் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அப்படி நின்றுபோன பெட்டிகளில் பெரும்பாலானவை சுங்க அதிகாரியின் கடுமையால் நின்றவை அல்ல. அனுப்பியவர் இன்வாய்ஸில் எழுதாமல் விட்ட ஒரு வரியாலோ, விமானச் சரக்குச் சீட்டான ஏர்வே பில்லில் விடுபட்ட கப்பல் பெயராலோ நின்றவை. ஆகவே இந்த வழிகாட்டி சுங்க மாளிகையின் வாசலில் தொடங்கவில்லை; கப்பலின் எஞ்சின் அறையில், சீஃப் இன்ஜினியர் தேவைப்பட்டியல் எழுதும் மேசையில் தொடங்குகிறது. கப்பல் நிறுவனங்களின் கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், கப்பல் முகவர் அலுவலகத்தில் பணியாற்றுபவர்கள், கிளியரிங் வேலையில் இறங்கியுள்ள இளைஞர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஆர்டரில் எழுத வேண்டியவை

கப்பலுக்குப் போகும் பொருள்களை ஸ்டோர்ஸ் என்றும் ஸ்பேர்ஸ் என்றும் தொழிலில் இரண்டாகப் பிரிப்பார்கள். கயிறு, பெயின்ட், கையுறை, ஸ்பானர் போன்ற பொதுப் பொருள்கள் ஸ்டோர்ஸ். இவற்றை இம்பா (கப்பல் கொள்முதலாளர்களின் பன்னாட்டுச் சங்கம்) பட்டியலின் ஆறு இலக்கக் குறியீட்டைக் கொண்டு கேட்டால் உலகின் எந்தத் துறைமுகத்திலும் கப்பல் சப்ளையருக்குப் புரியும். ஸ்பேர்ஸ் அப்படியல்ல. ஒரு குறிப்பிட்ட எஞ்சினுக்கு, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் செய்யப்பட்ட வடிவத்துக்கு மட்டுமே பொருந்துபவை அவை. சட்டம் இந்த இரண்டையும் பிரிப்பதில்லை என்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதன்மை எஞ்சினுக்கான பாகம் ஒன்றைக் கேட்கும்போது எஞ்சின் வகை, தயாரித்த நிறுவனம், எஞ்சினின் தொடர் எண், கையேட்டில் உள்ள பிளேட் எண், அந்த வரைபடத்தில் பாகத்தின் வரிசை எண் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். 6எஸ்50எம்சி-சி என்ற வகைப்பெயரில் முதல் 6 சிலிண்டர்களின் எண்ணிக்கையையும், 50 என்பது சிலிண்டரின் உள்விட்டத்தைச் சென்டிமீட்டரிலும் குறிக்கின்றன. ஆனால் இந்த ஒரே வகைப்பெயரில் உரிமம் பெற்ற வெவ்வேறு தொழிற்சாலைகள் செய்த எஞ்சின்களுக்குள் சிறு சிறு வேறுபாடுகள் உண்டு என்பதால், தொடர் எண் இல்லாத ஆர்டர் பாதி ஆர்டர்தான். பழைய பாகத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து இணைத்துவிடுங்கள். அந்தப் படம் பத்து மின்னஞ்சல்களை மிச்சப்படுத்தும்.

எரிபொருள் ஊசியின் நாசில், ஃப்யூயல் பம்ப்பின் பிளஞ்சர், பேரல் ஆகியவற்றைக் கேட்கும்போது கூடுதல் கவனம் தேவை. நைட்ரஜன் ஆக்சைடு வெளியேற்றத்துக்கான மார்போல் (கப்பல்களால் ஏற்படும் மாசைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை) ஆறாம் இணைப்பின் 13ஆம் விதிக்கு உட்பட்ட எஞ்சின்களில், இத்தகைய பாகங்களின் அடையாள எண்கள் எஞ்சினின் டெக்னிக்கல் ஃபைலில் பதிவாகியிருக்கும். கையில் வாங்கிப் பார்த்தால் நாசிலின் உடலில், எண்ணெய்ப் பூச்சுக்கு அடியில், தயாரிப்பாளரின் பாக எண்ணோடு இந்த அடையாள எண்ணும் சிறிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். அது ஃபைலில் உள்ள எண்ணோடு பொருந்தாவிட்டால், பாகம் இயந்திரத்தில் எவ்வளவு அழகாக உட்கார்ந்தாலும், அடுத்த ஆய்வில் கப்பல் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறிடத்தில் வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

கேஸ்கெட், பேக்கிங், வெப்பக் காப்புப் பொருள்கள் போன்றவற்றுக்கு ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்ற உறுதிமொழிக் கடிதத்தை ஆர்டரிலேயே கேளுங்கள். 2011 ஜனவரி 1 முதல் கப்பல்களில் ஆஸ்பெஸ்டாஸ் உள்ள பொருளைப் புதிதாகப் பொருத்துவதை சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை) விதி முற்றிலும் தடை செய்கிறது. கப்பல் உடைப்பு குறித்த ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, கப்பலில் உள்ள அபாயப் பொருள்களின் பட்டியலைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டியிருப்பதால், பொருள் அறிக்கையையும் சப்ளையரின் இணக்க உறுதிமொழியையும் பாகத்தோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும். பெட்டி கப்பலேறிய பிறகு இந்தத் தாள்களைத் தேடுவது மிகச் சிரமம்.

பெட்டியும் பொதியும்

உதிரிப்பாகம் கெடுவது பெரும்பாலும் பயணத்தில் அல்ல, நிற்கும் இடத்தில். விமானத்தின் குளிர்ந்த வயிற்றிலிருந்து இறங்கி, சென்னையின் ஈரக் காற்றில் திறந்த தளத்தில் நின்ற பெட்டிக்குள் நீர் வியர்த்து, பளபளப்பாக உரசித் தீட்டப்பட்ட தாங்கிப் பரப்பில் ஒரே இரவில் துருப்புள்ளிகள் தோன்றிவிடும். ஆகவே பேரிங், பிளஞ்சர், எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிண்டில் போன்றவற்றைத் துருத்தடுப்புத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத உறையிலிட்டு, சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூட வேண்டும். கப்பல் ஏறும் வரை அந்த உறையைப் பிரிக்கக் கூடாது. சுங்கச் சோதனைக்காகப் பிரிக்க நேர்ந்தால், வெறுங்கையால் தொடாமல், சோதனை முடிந்ததும் அதே இடத்தில் எண்ணெய் பூசி மீண்டும் ஒட்டிவிடுங்கள். விரல் ரேகையின் உப்புக்கூட வெள்ளை உலோகப் பரப்பில் தடம் பதிக்கும். நான் பை ஒன்றில் கையுறை, ஒட்டுநாடா, சிறு டப்பாவில் துருத்தடுப்பு எண்ணெய் ஆகியவற்றை எப்போதும் எடுத்துச் செல்வது இதற்காகத்தான்.

டர்போசார்ஜர் ரோட்டாரை அதன் தண்டின் தாங்கும் இடங்களில் மட்டுமே மரத் தாங்கிகளில் அமர்த்த வேண்டும். சக்கரத்தின் இலைகள் பெட்டியின் எந்தப் பக்கத்தையும் தொடக் கூடாது. சிலிண்டர் லைனர், பிஸ்டன் கிரௌன் போன்ற கனமான பாகங்களின் பெட்டியில் மொத்த எடை, எடை மையம், சிலிங் கட்ட வேண்டிய இடம் ஆகிய மூன்றையும் நான்கு பக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள். பெட்டியைக் கடைசியில் தூக்கப் போவது துறைமுகக் கிரேன் அல்ல, கப்பலின் சொந்த ஸ்டோர்ஸ் கிரேனாக இருக்கலாம். அதன் பாதுகாப்பான தூக்கு எடை எவ்வளவு என்பதைக் கப்பலிடம் முன்கூட்டியே கேட்காமல், படகு கப்பலை ஒட்டி நின்ற பிறகு கேட்டுத் தவித்தவர்கள் உண்டு.

மரப்பெட்டி என்றால் அதில் ஐஎஸ்பிஎம் 15 (மரப் பொதிகளுக்கான பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்புத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சிகளை ஒழிக்க மரம் முறையாகப் பதப்படுத்தப்பட்டது என்பதற்கான அடையாளம் அது; வெப்ப முறையில் மரத்தின் மையப்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருக்க வேண்டும். முத்திரையில்லாத ஒற்றைப் பலகைக்காகப் பெட்டி முழுவதும் தாவர நோய்த் தடுப்பு அதிகாரிகளிடம் சிக்கிக்கொள்ளும்.

அளவும் பணமும் ஒன்றோடொன்று இணைந்தவை. விமானச் சரக்கில் எடைக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் கட்டணம் உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் வருவது கனஅளவு எடை. உண்மை எடை, கனஅளவு எடை இரண்டில் எது பெரிதோ அதற்கே கட்டணம். 120 × 80 × 60 அளவுள்ள பெட்டியின் கனஅளவு எடை 96 கிலோ. உள்ளே 70 கிலோ பாகமே இருந்தாலும் 96 கிலோவுக்குத்தான் பணம் கட்ட வேண்டும். கூரியர் நிறுவனங்கள் வழக்கமாக 5000ஆல் வகுப்பதால் அதே பெட்டி அங்கே 115 கிலோவைத் தாண்டிவிடும். பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில் ஏற வேண்டிய பெட்டியின் உயரத்தை 160 சென்டிமீட்டருக்குள் அடக்குங்கள். அதற்கு மேல் போனால் சரக்கு விமானத்துக்குக் காத்திருக்க வேண்டிவரும். ஆகையால் பல தயாரிப்பாளர்களிடமிருந்து வரும் சிறு பெட்டிகளை ராட்டர்டாமிலோ சிங்கப்பூரிலோ உள்ள கிடங்கில் சேர்த்து, ஒரே ஏர்வே பில்லில் அனுப்புவது பெரும்பாலும் லாபம். ஆனால் அதில் அபாயப் பொருள் ஒன்றைக் கலந்துவிட்டால், அந்த ஒன்றுக்காக அத்தனையும் நிற்கும்.

கப்பலில் சாதாரணமாகப் புழங்கும் எவை எவை விமானத்துக்கு அபாயப் பொருள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஐநாவின் அபாயப் பொருள் எண்ணில் சொன்னால், தானாக விரியும் உயிர்காப்பு மிதவை யுஎன் 2990. பெயின்ட் யுஎன் 1263. தீயணைப்பான் யுஎன் 1044. குளிர்பதனக் கருவிக்கான ஆர்134ஏ வாயு யுஎன் 3159. லித்தியம் அயான் பேட்டரியைத் தனியாக அனுப்பினால் அது யுஎன் 3480; பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை உள்ளது. பழுது பார்க்கக் கரையிறங்கிய ஃப்யூயல் பம்ப்பில் எண்ணெய் மிச்சம் இருந்தாலும் விமான நிறுவனம் ஏற்காது. வடித்து, துடைத்து, அதற்கான சான்றையும் எழுதி இணைக்க வேண்டும்.

தாள்களில் இருக்க வேண்டிய சொற்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், விமான நிறுவனம் தரும் மாஸ்டர் ஏர்வே பில், சரக்கு ஒருங்கிணைப்பாளர் தரும் ஹவுஸ் ஏர்வே பில் ஆகிய நான்கிலும் பெறுநர் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மாஸ்டர் ஏர்வே பில் சரக்கு ஒருங்கிணைப்பாளரின் பெயரில் வரும் இடங்களில், ஹவுஸ் ஏர்வே பில்லிலாவது இது பிசகக் கூடாது. அந்தப் பெயர் முகவர் நிறுவனத்தின் பெயரில் தொடங்கக் கூடாது. ‘இன்ன கப்பலின் மாஸ்டர்’ என்று, அதாவது கப்பலின் கேப்டனில் தொடங்கி, பிறகே முகவரின் பெயரும் முகவரியும் ‘கேர் ஆஃப்’ என வர வேண்டும். பொருள் விவரத்தில் ‘ஷிப் ஸ்பேர்ஸ் இன் ட்ரான்ஸிட்’ என்ற சொற்றொடரும், கப்பலின் பெயரும், பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் அடையாள எண்ணான ஐஎம்ஓ எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். கப்பல் கைமாறும்போது பெயர் மாறும், கொடி மாறும். ஐஎம்ஓ எண் மட்டும் மாறாது.

அந்த எண் சரியா என்று அரை நிமிடத்தில் சோதிக்கலாம். ஏழு இலக்கங்களில் முதல் ஆறை முறையே 7, 6, 5, 4, 3, 2ஆல் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையின் கடைசி இலக்கம் ஏழாம் இலக்கத்தோடு பொருந்த வேண்டும். 9074729 என்ற எண்ணில் 63, 0, 35, 16, 21, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 139. கடைசி இலக்கம் 9, ஏழாம் இலக்கமும் 9. ஏர்வே பில் எண்ணுக்கும் இதுபோல் ஒரு சோதனை உண்டு. விமான நிறுவனத்தைக் குறிக்கும் முதல் மூன்று இலக்கங்களை ஒதுக்கிவிட்டு, அடுத்த ஏழு இலக்கங்களை 7ஆல் வகுத்தால் வரும் மீதிதான் எட்டாவது இலக்கம். 1234567ஐ 7ஆல் வகுத்தால் மீதி 5, ஆகவே 12345675 என்பது வடிவத்தில் சரியான எண். தட்டச்சுப் பிழையோடு வந்த முன்னறிவிப்பு மின்னஞ்சலை நம்பி, இல்லாத எண்ணை நாள் முழுவதும் தேடாமல் இருக்க இந்தக் கணக்கு உதவும்.

விலை பூஜ்யம் என்று ஒருபோதும் எழுதவிடாதீர்கள். உத்தரவாதக் காலத்தில் தயாரிப்பாளர் இலவசமாக அனுப்பும் பாகத்துக்கும் சந்தை விலை ஒன்று உண்டு. ‘விலை சுங்கத் தேவைக்கு மட்டும்’ என்ற குறிப்போடு அதை எழுத வேண்டும். வரி கட்டாத பொருளாயிற்றே என்று நினைக்க வேண்டாம். பொருள் கப்பலுக்கே போகும் என்று சுங்கத்துக்குக் கொடுக்கும் பிணைப்பத்திரத்தின் தொகை இந்த விலையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதேபோல ‘மெஷினரி பார்ட்ஸ், ஒரு பெட்டி’ என்ற விவரம் போதாது. கப்பல்களுக்கான சுங்க அட்டவணையின் 89ஆம் அத்தியாயத்தில் கப்பல் பாகங்களுக்கென்று பொதுவான தலைப்பு இல்லை. எஞ்சின் பாகம் 8409இல், பம்ப் 8413இல், வால்வு 8481இல், பால், ரோலர் பேரிங் 8482இல், ரேடார் 8526இல், கப்பலின் புரொப்பல்லர் 8487இல் என்று ஒவ்வொன்றும் அதனதன் தலைப்பில் போய் நிற்கும். ஒவ்வொரு வரிக்கும் பாகத்தின் பெயரும் குறியீடும் எண்ணிக்கையும் தனித்தனியே இருந்தால்தான் அதிகாரி பெட்டியைத் திறக்கும்போது தாளும் பொருளும் ஒத்துப்போகும்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மொத்தச் சரக்குக் கப்பல் ஒன்றுக்கு ஃப்யூயல் பம்ப்பின் பிளஞ்சரும் பேரலும் சேர்ந்த ஒரே ஒரு தொகுப்பு வர வேண்டியிருந்தது. முப்பது கிலோகூட இல்லாத பெட்டி. வெளிநாட்டில் அதை ஏற்றிய சரக்கு அனுப்புநர், நாங்கள் அனுப்பிய வாசகத்தை விட்டுவிட்டு, ஹவுஸ் ஏர்வே பில்லில் எங்கள் அலுவலகத்தின் பெயரை மட்டும் பெறுநராக எழுதிவிட்டார். சுங்கத்தின் பார்வையில் அது கப்பலுக்குப் போகும் பொருள் அல்ல, சென்னையில் உள்ள ஒரு நிறுவனம் இறக்குமதி செய்த எஞ்சின் பாகம். திருத்தம் கேட்டு விண்ணப்பிக்க அனுப்பியவரின் கடிதம் வேண்டும். அங்கே அப்போது சனிக்கிழமை மாலை. கப்பல் ஞாயிறு இரவு புறப்பட்டது. ஒரு சிலிண்டரை நிறுத்திவைத்து, வேகத்தைக் குறைத்தே அடுத்த துறைமுகம் வரை போனார்கள். பெட்டியை அவர்கள் பின்னால் மறுபடியும் விமானத்தில் அனுப்பினோம். பிழை எங்களுடையது அல்ல என்றாலும், பெட்டி ஏறுவதற்கு முன் ஏர்வே பில்லின் முன்வரைவைக் கேட்டு வாங்கிப் படிக்காதது எங்கள் குறைதான். அன்றிலிருந்து முன்வரைவைப் பார்த்து ஒப்புதல் தராமல் எந்தப் பெட்டியையும் ஏற்றவிடுவதில்லை என்ற வழக்கத்தை வைத்திருக்கிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பார்ப்பது கப்பலின் பயணத்தை

1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 2(38) பிரிவு, கப்பலிலோ விமானத்திலோ பயன்படுத்துவதற்கான பொருள்களை ‘ஸ்டோர்ஸ்’ என்கிறது. எரிபொருளும், உதிரிப்பாகங்களும், உடனே பொருத்தினாலும் பொருத்தாவிட்டாலும் பிற உபகரணங்களும் அதில் அடங்கும். தொழிலில் நாம் ஸ்பேர்ஸ் என்று தனியே அழைப்பதும் சட்டத்தில் ஸ்டோர்ஸ்தான் என்று முன்பே சொன்னதன் பொருள் இதுவே. 87ஆம் பிரிவின்படி, வெளிநாட்டுப் பயணத்தில் உள்ள கப்பலில் இறக்குமதி ஸ்டோர்ஸை வரி செலுத்தாமல் பயன்படுத்தலாம். 85ஆம் பிரிவு, கப்பலுக்கு வழங்கப்போவதாக அறிவித்த பொருளை வரி மதிப்பீடு இல்லாமலே பாண்டு கிடங்கில் (வரி கட்டாத பொருளைச் சுங்கக் கட்டுப்பாட்டில் வைக்கும் கிடங்கு) வைக்க அனுமதிக்கிறது. 86ஆம் பிரிவு ஸ்டோர்ஸ் அதே கலத்திலேயே கடந்து செல்வதையும் ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதையும் பேசுகிறது.

இதில் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. வரிவிலக்கு கப்பலின் கொடியைப் பொறுத்ததல்ல, அதன் பயணத்தைப் பொறுத்தது. இந்தியக் கொடியுள்ள கப்பல் கொழும்புக்கோ துபாய்க்கோ போகிறதென்றால் அது வெளிநாட்டுப் பயணக் கப்பல்தான். பனாமாக் கொடியுள்ள கப்பல், வெளிநாட்டுச் சரக்கை இறக்கிவிட்டு, சென்னையிலிருந்து காண்ட்லாவுக்கு உள்நாட்டுச் சரக்கு மட்டும் ஏற்றிச் செல்ல உள்நாட்டுக் கடலோட்டத்துக்கு மாறிவிட்டால், அந்தக் காலத்தில் அதற்கு 87ஆம் பிரிவின் சலுகை இல்லை. வெளிநாட்டுக்குப் போகும் வழியில் விசாகப்பட்டினத்தைத் தொட்டுச் செல்வதால் மட்டும் பயணத்தின் தன்மை மாறாது. ஆகவே பெட்டியைச் சென்னைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், அந்த நாளில் கப்பல் எந்த ஓட்டத்தில் இருக்கும் என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உள்நாட்டு ஓட்டம் என்றால் வழக்கமான பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி அறிவிப்பு) தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும், அல்லது கப்பல் அடுத்து வெளிநாடு போகும் துறைமுகத்தில் பெட்டியைக் கொடுக்கத் திட்டமிட வேண்டும். வரி கட்ட நேரும்போது, விமானக் கட்டணம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும், மதிப்பீட்டில் அது எஃப்ஓபி விலையின் (அனுப்பும் இடத்தில் ஏற்றும் வரையிலான விலை) 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கப்படாது என்று 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகள் கூறுவதை உங்கள் தரகருக்கு நினைவூட்டுவதில் தவறில்லை.

பெட்டி வந்த நாளும் கப்பல் வந்த நாளும்

கப்பல் துறைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்னதாகப் பெட்டி வந்திறங்குவது நல்லது. ஒரு வாரத்துக்கு முன்னால் வந்தால் கிடங்குக் கட்டணம் ஏறும். ஒரு நாள் முன்னால் வந்தால் உறக்கம் போகும். இறக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விடுவிக்கப்படாத சரக்கை, உரியவருக்கு அறிவித்து, விற்க 48ஆம் பிரிவு இடமளிக்கிறது என்பதால், கப்பல் வழிமாறிப் போன பெட்டிகளை மறந்துவிடக் கூடாது.

விமானம் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, சுங்கத்தின் கணினியில் பதிவான இறக்குமதி மேனிஃபெஸ்டில் பெட்டிகளின் எண்ணிக்கையும் எடையும் பெறுநர் பெயரும் ஏர்வே பில்லோடு ஒத்துப்போகின்றனவா என்பதை. அடுத்து விமான நிறுவனத்திடமிருந்தோ ஒருங்கிணைப்பாளரிடமிருந்தோ டெலிவரி ஆர்டர் பெற வேண்டும். பிறகு கப்பல் முகவரின் கடிதம், கப்பலின் வருகை விவரம், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஏர்வே பில் ஆகியவற்றோடு விண்ணப்பித்து, பிணைப்பத்திரம் கொடுத்து, துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல அனுமதி பெற வேண்டும். பாண்டு கிடங்கு வழியாகப் போவதென்றால், கிடங்கில் வைப்பதற்கான பில் ஆஃப் என்ட்ரியும், வெளியே எடுக்கும்போது ஷிப்பிங் பில்லும் (ஏற்றுமதி அறிவிப்பு) தேவை. எந்த வழியாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: வரி கட்டாத பொருள் ஊருக்குள் நழுவிவிடாது என்று சுங்கத்துக்கு உறுதி கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் வண்டிக்கு முத்திரை, பிணை, சில வேளைகளில் அதிகாரியின் துணை. இதைப் புரிந்துகொண்டு நடப்பவரிடம் அதிகாரிகள் பெரும்பாலும் ஒத்துழைக்கவே செய்கிறார்கள்.

துறைமுகத்துக்குள் நுழைய வண்டிக்கும் ஓட்டுநருக்கும் உடன் செல்பவருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். கப்பலில் ஏறும் படிப்பாலமான கேங்வேயில் பாதுகாப்புக்கு நிற்கும் மாலுமியிடம் உங்கள் பெயர் முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கப்பலில் ஏற்றுவது சுங்கத்தின் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்று 34ஆம் பிரிவு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமையோ விடுமுறை நாளோ வேலை நேரத்துக்குப் பிந்தைய பொழுதோ என்றால் 36ஆம் பிரிவின்படி முன்னறிவிப்பும் உரிய கட்டணமும் தேவைப்படலாம். கப்பல்கள் விடுமுறை பார்த்து வருவதில்லை என்பதால், வெள்ளிக்கிழமை மதியமே அடுத்த இரண்டு நாளுக்கான விண்ணப்பத்தை முடித்துவிடுவது என் வழக்கம்.

கப்பல் நங்கூரத்தில் நின்றால்

பெர்த் கிடைக்காமல் வெளிக்கடலில் நிற்கும் கப்பலுக்குப் பெட்டியைப் படகில் கொண்டுபோக வேண்டும். ஷிப்பிங் பில் உடன் இல்லாத ஏற்றுமதிப் பொருள் படகில் செல்ல வேண்டுமானால் போட் நோட் (படகுச் சரக்குச் சீட்டு) வேண்டும் என்பது 35ஆம் பிரிவு. சிறு பெட்டிகளைத் தனித்தனியே தூக்கவிடாதீர்கள். ஒரே வலையில் அல்லது ஒரே பலகைத் தட்டில் கட்டி, ஒரே தூக்கில் ஏற்றுவதுதான் பாதுகாப்பு. அலையில் படகு எழும்பும் வேளையில் கொக்கியை மாட்டுவதும், அது இறங்கும் வேளையில் சரக்கு தொங்கிக்கொண்டு நிற்பதும் கண்ணால் பார்த்தவருக்கே புரியும். அந்த நேரத்தில் சரக்குக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது, படகின் ஆள்கள் உட்பட.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சென்னையை மட்டும் நம்பித் திட்டமிடாதீர்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போது விமான நிலையத்தின் ஓடுதளமே வெள்ளத்தில் மூழ்கி, விமானங்கள் நிறுத்தப்பட்டன. அத்தகைய நாள்களில் துறையில் நிற்கும் கப்பல்களையும் கடலுக்குள் அனுப்பிவிடுவார்கள். கிழக்கு மேற்குக் கடல்வழி இலங்கையின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், எந்தத் துறைமுகத்திலும் நிற்காத கப்பல்கள்கூடக் அங்குள்ள காலித் துறைமுகத்திலிருந்து வரும் படகுகளில் உதிரிப்பாகங்களை வாங்கிக்கொண்டு போகின்றன. இது நல்ல மாற்று வழி. ஆனால் அங்கே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் செப்டம்பர் வரை, கடல் கொந்தளிப்பாக இருக்கும். சென்னைக் கடல் அமைதியாக இருக்கும்போது காலியின் கடல் சீறும் என்பதை நினைவில் வைத்து மாதத்துக்கேற்ற துறைமுகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பழையதை இறக்கும்போது

புதிய பாகம் ஏறும் அதே படகில், பழுது பார்ப்பதற்காகப் பழைய பாகத்தை இறக்கச் சொல்லிக் கப்பல் கேட்கும். மறுக்க மனம் வராது; ஆனால் தாள் இல்லாமல் ஒரு நட்டைக்கூட இறக்காதீர்கள். கரையில் இறங்கிய நொடியில் அது இறக்குமதிப் பொருளாகிவிடுகிறது. பழுது பார்த்துத் திரும்ப அனுப்புவதற்காக இறக்குவதென்றால் முன்கூட்டியே அனுமதியும் பிணையும், திருப்பி அனுப்ப வேண்டிய காலக்கெடுவும் உண்டு. இறக்கும் முன் தொடர் எண் தெரியும்படி படம் எடுத்து, சீஃப் இன்ஜினியரின் கையெழுத்தோடு பட்டியலில் பதியுங்கள். திரும்பப் போகும்போது ‘இறங்கியதும் இதுவே, ஏறுவதும் இதுவே’ என்று காட்டுவதற்கு அந்த எண்ணை விட்டால் வேறு சான்று இல்லை. பழுதுபார்ப்புப் பட்டறை எண்ணுள்ள தகட்டைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துவிடாமல் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, கப்பலில் பொருளைக் கொடுத்துவிட்டு இறங்கும் முன் செய்ய வேண்டியது. பெட்டிகளின் எண்ணிக்கை, ஏர்வே பில் எண், கொடுத்த தேதி, நேரம், இடம் ஆகியவை எழுதப்பட்ட பெறுகைச் சீட்டில் மாஸ்டரோ சீஃப் இன்ஜினியரோ கையெழுத்திட்டு, கப்பலின் முத்திரையைக் குத்த வேண்டும். முத்திரையில் கப்பலின் பெயரும் ஐஎம்ஓ எண்ணும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்; மை மங்கியிருந்தால் மறுபடியும் குத்தச் சொல்லுங்கள். உடன் வந்த சுங்க அதிகாரி இருந்தால் அவருடைய மேற்குறிப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் சேதம் தெரிந்தால் அதே சீட்டில் எழுதி, படத்தையும் அன்றே அனுப்ப வேண்டும். கப்பல் போன பிறகு எழுதும் கடிதத்தைக் காப்பீட்டாளர் ஏற்பது கடினம். அந்தச் சீட்டின் மூலத்தைக் கொடுத்தால்தான் பிணைப்பத்திரம் ரத்தாகும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாள் கடத்தாமல், மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சமர்ப்பித்து, ரத்தான பிணைப்பத்திரத்தின் நகலைக் கப்பல் பெயரின் கீழ் கோப்பில் வைத்துவிடுங்கள்.